மூன்றிலிருந்து ஐந்து வயது வரை: மழலையர் வகுப்புக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

மழலையர் வகுப்பில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். முந்தின இரவு கண்விழித்து, அரை மணிக்கு ஒன்று வீதம் எட்டு செயல்பாடுகளை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் எட்டும் தீர்ந்துவிட்டன. மூன்று பேர் அழுதுகொண்டிருந்தார்கள். ஒருவன் மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான். இரண்டு பேர் கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, உயரமான டம்ளரிலிருந்து அகலமான கிண்ணத்துக்கும் கிண்ணத்திலிருந்து டம்ளருக்கும் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அன்று அந்த அறையில் உருப்படியாகப் பாடம் நடந்தது அந்த ஓரத்தில்தான். எனக்கு அது தெரியவில்லை. ஓடிப்போய்க் குழாயை மூடினேன். இருவரையும் இழுத்து வந்து பாயில் உட்கார வைத்தேன்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது "என்ன சொல்லிக் கொடுக்கணும்?" என்பதுதான். அந்தக் கேள்வி கொஞ்சம் பிறகு வரட்டும். இந்த வயதுக் குழந்தைகளோடு வேலை செய்ய முதலில் வேண்டியது, பார்க்கத் தெரிவது. அது தானாக வராது, பழக வேண்டும். எப்படிப் பழகுவது, பார்த்ததை வைத்து என்ன செய்வது என்பதை நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் வாரம்: ஒரு நோட்டு, தினம் இரண்டு குழந்தைகள்

சின்ன நோட்டு ஒன்றை எப்போதும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். தினம் இரண்டு குழந்தைகள், ஆளுக்கு ஐந்து நிமிடம். குழந்தை என்ன செய்தது, என்ன சொன்னது என்பதை மட்டும் எழுதுங்கள். அதைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பது வேண்டாம்.

"பிடிவாதக்காரன், யாருக்கும் எதுவும் தரமாட்டான்" என்று நான் ஒருமுறை எழுதினேன். கூட இருந்த மூத்த ஆசிரியை அதே காட்சியை இப்படி எழுதியிருந்தார்: "சிவப்பு லாரியை ஆறு கட்டைகளைச் சுற்றி ஓட்டினான். இன்னொருவன் கை நீட்டியதும் 'இது முடியட்டும், அப்புறம் உனக்கு' என்றான். மூன்று சுற்று முடித்துவிட்டுக் கொடுத்தான்." என் குறிப்பை வைத்துக்கொண்டு மறுநாள் ஒன்றும் செய்ய முடியாது. அவருடைய குறிப்பில் 'இப்போது, அப்புறம்' என்ற காலப் புரிதல் இருக்கிறது, பேரம் பேசுவது இருக்கிறது, சொன்னதை நினைவில் வைத்து அதன்படி நடந்ததும் இருக்கிறது. அதே பையன்தான்.

எதைப் பார்ப்பது என்று திகைப்பாக இருந்தால், யார் யாரோடு விளையாடுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932இல் வெளியிட்ட வகைப்பாடு இன்றும் உதவுகிறது. எதிலும் சேராமல் இருப்பது, தனியாக விளையாடுவது, தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அதே பொருளை வைத்துத் தனித்தனியே விளையாடுவது, பேசிக்கொண்டும் பொருளை மாற்றிக்கொண்டும் விளையாடுவது, எல்லோரும் சேர்ந்து ஒரே விளையாட்டைத் திட்டம் போட்டு ஆடுவது என்று ஆறு வகை. இதை ஏணிப்படியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து வயதுக் குழந்தையும் அரை மணி நேரம் தனியே கட்டை அடுக்கும்; அதில் குறை எதுவும் இல்லை. வேடிக்கை பார்க்கும் குழந்தையை "போ, போய் சேர்ந்து விளையாடு" என்று தள்ளிவிடாதீர்கள். அந்த விளையாட்டின் விதிகளை அது படித்துக்கொண்டிருக்கலாம். இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் நேராக உள்ளே போய்ச் சேர்ந்த குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த வயது எப்படிப்பட்டது

வகுப்பில் உள்ளவர்களின் பிறந்த தேதியை ஒரு தாளில் எழுதி, உங்கள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். ஒரே வகுப்பில் இரண்டு குழந்தைகளுக்கு நடுவே பதினோரு மாத வித்தியாசம் இருக்கலாம். நாலு வயதில் பதினோரு மாதம் என்பது அதுவரை வாழ்ந்த வாழ்க்கையில் கிட்டத்தட்டக் கால் பங்கு. "அவ எவ்வளவு அழகா செய்றா பாரு" என்று ஒப்பிட வாய் வரும்போது அந்தத் தாளைப் பாருங்கள்.

மூன்று வயதில், நீங்கள் ஒரு வட்டம் வரைந்து காட்டினால் பெரும்பாலான குழந்தைகள் தாங்களும் ஒன்று வரைவார்கள். கொஞ்ச நாளில் அந்த வட்டத்திலிருந்து இரண்டு கோடு இறங்கும். அதுதான் மனிதர். உடம்பு கிடையாது, தலையிலிருந்தே கால். பல நாட்டுக் குழந்தைகளின் முதல் மனிதப் படம் இப்படித்தான் இருக்கிறது, எனவே "வயிறு எங்கே?" என்று திருத்த வேண்டாம். நாலு வயதில் படத்தில் மூன்று உறுப்புகளாவது இருக்கும். ஐந்தில் ஒற்றைக் காலில் குதிப்பது, சில பொத்தான்களைத் தானே போடுவது, பத்து வரை எண்ணுவது, இரண்டு சம்பவங்களாவது உள்ள கதை சொல்வது எல்லாம் வந்துவிடும்.

பெரியவர்கள் அதிகம் பதறுவது பென்சில் பிடிக்கும் விஷயத்தில். முதலில் முழு முஷ்டியால் பிடிப்பார்கள். பிறகு விரல்கள் எல்லாம் கீழ்நோக்கி நீளும். கட்டைவிரலோடு இரண்டு விரல் சேர்ந்து பிடிப்பது நாலு வயதை ஒட்டித்தான் வருகிறது. அப்போதும் அசைவது கைதான். விரல்நுனி மட்டும் அசைந்து எழுத இன்னும் ஒன்றிரண்டு வருடம் ஆகும். மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. நாலு வயதில் எட்டும் எலும்பாகியிருக்காது. கடைசி ஒன்றுக்கு எட்டு வயதுக்கு மேலும் ஆகலாம். அந்தக் கையில் நாலு கோட்டு நோட்டைக் கொடுத்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வதற்குப் பதில் களிமண் பிசையவும், மணி கோக்கவும், துணிக் கிளிப்பை அழுத்தித் திறக்கவும், தொங்கி ஆடவும் விடுங்கள். தோளும் கையும் உறுதிப்பட்டால் எழுத்து பின்னால் வரும்.

இனி அந்தத் தண்ணீர் விளையாட்டுக்கு வருகிறேன். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜீன் பியாஜே செய்த சோதனைகளில் மிகவும் பிரபலமானது இதுதான். ஒரே மாதிரியான இரண்டு டம்ளரில் ஒரே அளவு தண்ணீர். குழந்தை கண்முன்னே ஒன்றை ஒல்லியான உயரமான டம்ளருக்கு மாற்றிவிட்டு எதில் அதிகம் என்று கேட்டால், நாலு வயதுக் குழந்தை பெரும்பாலும் உயரமானதையே காட்டும். இரண்டு முதல் ஏழு வயது வரையான காலத்தை பியாஜே ஒரு தனிக் கட்டமாகவே பார்த்தார். ஒரே சமயத்தில் உயரம், அகலம் இரண்டையும் மனத்தில் நிறுத்துவது இந்த வயதில் கடினம். கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் குழந்தைகள் அவர் நினைத்ததைவிட நன்றாகவே பதில் சொல்கிறார்கள் என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். சரி, நமக்கு வேண்டியது எது? "இரண்டும் ஒண்ணுதான்" என்று நாம் சொல்லி இது புரியப்போவதில்லை. நூறு தடவை ஊற்றிப் பார்த்தால் புரியும். குழாயடியில் அந்த இருவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

இன்னொன்று, அடுத்தவர் மனத்தைப் புரிந்துகொள்வது. 1983இல் விம்மர், பெர்னர் என்ற இருவர் தொடங்கிவைத்த சோதனை இன்று பல வடிவங்களில் இருக்கிறது. ஒரு பொம்மை பந்தைக் கூடைக்குள் வைத்துவிட்டு வெளியே போகிறது. அது இல்லாத நேரத்தில் இன்னொரு பொம்மை பந்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறது. முதல் பொம்மை திரும்பி வந்து எங்கே தேடும்? மூன்று வயதுக் குழந்தை "பெட்டியில்" என்கிறது, ஏனென்றால் பந்து அங்கேதான் இருக்கிறது என்று அதற்குத் தெரியும். தனக்குத் தெரிந்தது பொம்மைக்குத் தெரியாது என்பது நாலு வயதை ஒட்டித்தான் பிடிபடத் தொடங்குகிறது. மூன்று வயதுக்காரனிடம் "அவனுக்கு வலிக்கும்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்கும்போது இது நினைவில் இருக்கட்டும். கெட்ட எண்ணத்தால் செய்திருக்க வேண்டும் என்று இல்லை.

மூன்றாவது, விதி மாறினால் தானும் மாறுவது. அட்டைகளை நிறப்படி பிரிக்கச் சொல்லிவிட்டு, பாதியில் "இப்போ வடிவப்படி" என்றால் மூன்று வயதுக் குழந்தை புது விதியை வாயால் சரியாகச் சொல்லும். கை பழைய விதிப்படியே அட்டையைப் போடும். ஐந்து வயதில் பெரும்பாலும் மாறிக்கொள்கிறார்கள். மூளையின் அளவு ஆறு வயதுக்குள் பெரியவர்களுடையதில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. ஆனால் அடக்கிக்கொள்வது, காத்திருப்பது, மாறிக்கொள்வது ஆகிய வேலைகளில் முக்கியப் பங்குள்ள நெற்றிப் பக்கத்து மூளை முதிர இருபது வயதைத் தாண்ட வேண்டும். "சொன்னா கேக்க மாட்டேங்குது" என்று நாம் அலுத்துக்கொள்வதில் பாதி, கேட்டும் செய்ய முடியாமல் போவது.

அறையை முட்டிபோட்டுப் பாருங்கள்

குழந்தைகள் வருவதற்கு முன் அறைக்குள் முட்டிபோட்டு ஒரு சுற்று வாருங்கள். எது கண்ணுக்குத் தெரிகிறது, எது எட்டுகிறது, எங்கே இடிக்கிறது என்பதெல்லாம் புரிந்துவிடும். இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். குழந்தை தானே தூக்கி நகர்த்தக்கூடிய நாற்காலி, கை எட்டும் அலமாரி என்பதெல்லாம் அவர் வழியாகத்தான் வகுப்பறைகளில் பரவின. நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படுகிறதா என்று மட்டும் பாருங்கள். படவில்லை என்றால் அந்தக் குழந்தை நெளிந்துகொண்டேதான் இருக்கும்.

கட்டைகளும் புத்தகங்களும் பக்கத்துப் பக்கத்து மூலையில் வேண்டாம். சரிகிற சத்தத்தில் யாரும் படம் பார்க்க முடியாது. அலமாரி நிறையப் பொருட்களை வைத்தால் எல்லாவற்றையும் கொட்டுவார்கள், எதோடும் விளையாட மாட்டார்கள். பாதியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மூன்று வயதுக்காரர்கள் அதிகம் உள்ள வகுப்பில் பிரபலமான பொம்மை ஒன்றே ஒன்று இருப்பது சண்டைக்கு அழைப்பு. ஒரே மாதிரி மூன்று இருந்தால் நிம்மதி. எந்தப் பொருள் எங்கே என்பதற்கு அலமாரியில் அதன் படத்தை ஒட்டுங்கள். எடுத்துவைப்பதும் அப்போது பொருத்திப் பார்க்கும் விளையாட்டாகிவிடும்.

நாளின் ஒழுங்கு

என் எட்டு செயல்பாடுகளின் தவறு எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொன்றும் சூடு பிடிக்கும் முன்பே நான் அடுத்ததற்கு இழுத்துப்போனேன். நல்ல பாவனை விளையாட்டு ஒன்றில் யார் டாக்டர், யார் நோயாளி, எது கட்டில் என்று முடிவாகவே பத்துப் பதினைந்து நிமிடம் போய்விடும். அதனால் காலையில் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை உடைபடாத விளையாட்டு நேரம் ஒன்றை வைத்துவிட்டு மற்றதை அதைச் சுற்றி அமையுங்கள். எல்லோரும் வட்டமாக உட்காரும் நேரம் பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் நீங்கள் பேசுவது உங்களுக்கு மட்டும்தான் கேட்கும்.

தகராறு வருவதெல்லாம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடைவெளியில். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பது நாலு வயதுக்குப் பொருளில்லாத சத்தம். "இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டு வா" என்றால் புரியும். மாறும்போதெல்லாம் ஒரே பாட்டைப் பாடுங்கள். ஒரு மாதத்தில் பாட்டு தொடங்கியதும் கைகள் தானாகப் பொருளை எடுத்துவைக்கும். "ஓடாதே" என்றால் மூளை முதலில் 'ஓடு' என்பதைப் பிடித்துக்கொண்டு பிறகு அதை நிறுத்த வேண்டும். "நடந்து வா" என்பதில் ஒரு வேலைதான். எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் காக்க வைப்பதை முடிந்தவரை குறையுங்கள். நாலைந்து பேராகப் போய் வந்தால் தள்ளுமுள்ளு இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு ஒரு நாளில் 180 நிமிடமாவது உடல் அசைவு வேண்டும். அதில் 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாடுவதாக இருக்க வேண்டும். தூக்கம் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம். உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது. அடம் பிடித்த குழந்தைக்குத் தண்டனையாக வெளி விளையாட்டை நிறுத்துகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அன்று மிச்சமிருக்கும் நேரத்தில் அவர்கள் எப்படி இருப்பார்கள் என்று பார்த்தாலே அது யாருக்குத் தண்டனை என்று தெரிந்துவிடும்.

எப்போது கை கொடுப்பது, எப்போது கையை எடுப்பது

இந்த வேலையின் நுணுக்கம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1934இல், 37 வயதில் இறந்துவிட்டார். அவர் விட்டுப்போன கருத்துகளில் ஒன்று: குழந்தை தனியாகச் செய்ய முடிவதற்கும் ஒருவர் துணையோடு செய்ய முடிவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது, கற்பிக்க வேண்டிய இடம் அதுதான். 1976இல் உட், ப்ரூனர், ராஸ் என்ற மூவர், 3, 4, 5 வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளைப் பொருத்திப் பிரமிடு கட்டும்போது பக்கத்திலிருக்கும் பெரியவர் எப்படி உதவுகிறார் என்று ஆராய்ந்தார்கள். கட்டடம் கட்டச் சாரம் போடுவோமே, அந்தச் சொல்லைத்தான் இந்த உதவிக்குப் பெயராக வைத்தார்கள். சாரத்தின் அழகே கட்டி முடித்ததும் பிரித்துவிடுவதில்தான்.

ஒரு பசிலை எடுத்துக்கொள்வோம். குழந்தைக்கு ஒரு துண்டு பொருந்தவில்லை. முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள். பாதிப் பேர் அதற்குள் திருப்பிப் போட்டுப் பொருத்திவிடுவார்கள். இன்னும் தவித்தால், "இந்த ஓரம் எப்படி இருக்கு, நேரா வளைவா?" என்று கேளுங்கள். அதுவும் உதவவில்லை என்றால் பலகையில் இரண்டு இடங்களைக் காட்டி "இதுல எது?" என்று வேலையைச் சின்னதாக்குங்கள். அதற்கும் பிறகுதான் கையோடு கை வைத்துத் திருப்புவது. ஆனாலும் கடைசியாகத் துண்டை உள்ளே அழுத்துவது குழந்தையின் விரலாக இருக்கட்டும். நாளைக்கு ஒரு படி குறைவாக உதவுங்கள். நான் பல வருடம் நேராகக் கடைசிப் படிக்குத் தாவிக்கொண்டிருந்தேன். வேகமாக முடியும், எனக்கும் உதவிய திருப்தி. குழந்தை மறுநாளும் என் முகத்தைப் பார்க்கும், பசிலைப் பார்க்காது.

பாவனை விளையாட்டில் நுழையவேண்டுமானால் ஏதாவது ஒரு வேஷத்தோடு நுழையுங்கள். பஸ் ஓட்டிக்கொண்டிருப்பவர்களிடம் "இது என்ன நிறம்? சக்கரம் எத்தனை?" என்று கேட்டால் விளையாட்டு அங்கேயே செத்துவிடும். "ஒரு டிக்கெட் கொடுங்க, கடைசி நிறுத்தம் எது?" என்று கேட்டால் அது வளரும். நின்ற இடத்தில் ஒரு நிமிடம் அசையாமல் இருக்க முடியாத பையன், காவல்காரன் வேஷத்தில் ஐந்து நிமிடம் விறைப்பாக நிற்பான். விளையாட்டில்தான் குழந்தை தன்னைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது என்று வைகாட்ஸ்கி சொன்னதன் பொருள் அதைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

பேச்சு: காத்திருக்கப் பழகுங்கள்

மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கண்டுபிடித்தது இது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடி ஆக்கினால் பதில்கள் நீளமாகின்றன, வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். அவர் பார்த்தது கொஞ்சம் பெரிய குழந்தைகளை. மூன்று வயதுக்கு மூன்று நொடிகூடப் போதாது. ஐந்து நொடி மௌனமாக இருந்து பாருங்கள், உங்களுக்கே எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று தெரியும்.

பிழையைச் சுட்டிக்காட்டாதீர்கள், சரியான வடிவத்தில் திருப்பிச் சொல்லுங்கள். "பூனை ஓதிப்போச்சு" என்றால் "ஆமா, பூனை ஓடிப்போச்சு! எங்கே போயிருக்கும்?" என்று பேச்சை நகர்த்துங்கள். ர, ழ, ற போன்ற ஒலிகள் தாமதமாகத்தான் வரும். இந்த வயதில் சில குழந்தைகளுக்குச் சொல் திக்கித் திக்கி வரும் கட்டம் ஒன்று உண்டு, பலருக்குத் தானாகப் போய்விடும். "மெதுவா சொல்லு, மூச்சு விட்டுச் சொல்லு" என்பதைவிட அவசரமில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பது மேல். பல மாதம் நீடித்தாலோ, பேசும்போது முகம் இறுகினாலோ பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டச் சொல்லலாம். வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி என்று இருக்கும் குழந்தை இரண்டையும் கலந்து பேசினால் குழம்பிவிட்டது என்று அர்த்தமில்லை. தன்னிடம் இருக்கிற சொற்களையெல்லாம் பயன்படுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். வீட்டு மொழியை விட்டுவிடச் சொல்லி ஒருபோதும் அறிவுரை சொல்லாதீர்கள்.

புத்தகம் வாசிப்பதையும் உரையாடலாக்குங்கள். பக்கத்தைத் திருப்பும் முன் நிறுத்தி, "இப்போ என்ன ஆகும்?" என்று கேளுங்கள். குழந்தை ஒரு சொல் சொன்னால் அதோடு ஒரு சொல் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். "நாய்." "ஆமா, நனைஞ்ச நாய்." ஒரே புத்தகத்தை இருபதாவது தடவை கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள். நமக்குச் சலிக்கிற அந்த இருபதாவது தடவையில்தான் கதையைக் குழந்தை நமக்குச் சொல்லத் தொடங்குகிறது.

எண்ணும் எழுத்தும்

ஒன்று இரண்டு மூன்று என்று இருபது வரை ஒப்பிக்கும் குழந்தைக்கு எண்ணத் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். எண்ணுவதில் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறது என்பதை ரோஷல் கெல்மன், கேலிஸ்டல் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1978இல் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண்தான், எண்களின் வரிசை மாறக்கூடாது, கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்த எண்ணிக்கை, எதை வேண்டுமானாலும் எண்ணலாம், எங்கிருந்து தொடங்கினாலும் ஒன்றுதான். சோதித்துப் பார்ப்பது எளிது. ஐந்து மூடிகளை எண்ணச் சொல்லிவிட்டு "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தால் கடைசி எண்ணின் பொருள் இன்னும் புரியவில்லை. "எனக்கு நாலு கொடு" என்றால் சில குழந்தைகள் கை நிறைய அள்ளித் தருவார்கள். அவர்களுக்கு வேண்டியது இன்னும் பெரிய எண்கள் அல்ல. ஆளுக்கு ஒரு தட்டு வைப்பது, பகடையில் விழுந்த அளவுக்குக் கட்டம் தாண்டுவது என்று மூன்று, நான்கோடு நிறையப் பழகுவது.

எழுத்துக்கு முந்தியது காது. பெயர்களை அசை அசையாகக் கைதட்டிச் சொல்வது, ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களைத் தேடுவது, 'பட்டம், வட்டம், கட்டம்' என்று அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் பொருளில்லாத ஒன்றைச் சேர்த்துச் சிரிப்பது. எதுகையும் மோனையும் இலக்கண வகுப்பில் வருவதற்குப் பத்து வருடம் முன்பே குழந்தைகளுக்குப் பிடித்துப்போகின்றன. முதலில் எழுத ஆசைப்படுவது பெரும்பாலும் தன் பெயரைத்தான், அதனால் அதிலிருந்து தொடங்குங்கள். எழுத்து இடவலம் மாறிக் கண்ணாடியில் தெரிவதுபோல வந்தால் பதற வேண்டாம். ஐந்தாறு வயதுவரை அது வெகு சாதாரணம்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பெற்றோர் சொல்வார்கள். சரிதான். ஆனால் ஐந்தில் வளைப்பதற்காக மூன்றிலேயே பிடித்து முறுக்குவதை அந்தப் பழமொழி சொல்லவில்லை.

அழுகை, கடி, சண்டை

முதல் வாரத்து அழுகைக்கு ஒரே விதி: பெற்றோர் சொல்லிவிட்டுப் போகட்டும். குழந்தை வேறெங்கோ பார்க்கும்போது நழுவிப்போனால் அன்றைக்கு அழுகை குறையும். அடுத்த நாளிலிருந்து குழந்தை எதிலும் கவனம் வைக்காது, வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். விடைபெறுவது சுருக்கமாகவும் தினமும் ஒரே மாதிரியாகவும் இருக்கட்டும். வீட்டிலிருந்து ஒரு துணியோ பொம்மையோ கொண்டுவர விடுங்கள்.

சண்டையில் முதலில் கைகளை நிறுத்துங்கள், பேச்சு அப்புறம். குனிந்து இருவர் கண்ணுக்கும் நேராக வந்து, "ரெண்டு பேருக்கும் இந்த லாரி வேணும். உனக்குக் கோபம், உனக்கு அழுகை" என்று நடந்ததைச் சொல்லுங்கள், தீர்ப்பு வேண்டாம். "இப்போ என்ன பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். நாலு வயதுக்காரர்கள் சொல்லும் தீர்வு நமக்கு அநியாயமாகத் தோன்றலாம். இருவருக்கும் சம்மதம் என்றால் விட்டுவிடுங்கள். கடித்திருந்தால் முதல் கவனிப்பு கடிபட்ட குழந்தைக்கு. கடித்த குழந்தையை மற்றவர்கள் முன் நிறுத்திப் பேசாதீர்கள். எந்த நேரத்தில், யார் பக்கத்தில் இருந்தபோது, என்ன நடந்ததும் கடித்தது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். பசி, தூக்கம், கூட்டம், சொல்ல வார்த்தை வராமை இவற்றில் ஒன்று அகப்படும்.

"சாரி சொல்லு" என்று கட்டாயப்படுத்துவது எனக்குப் பிடிக்காது. சொல்லிவிட்டுத் திரும்பவும் அடிக்கும் குழந்தைகளைத்தான் அது உருவாக்குகிறது. இடிந்த கோபுரத்தைத் திரும்பக் கட்ட உதவுவது, ஈரத் துணி எடுத்துவருவது என்று ஏதாவது செய்யச் சொல்லலாம்.

எப்போது கவலைப்படுவது

ஒரு நாள் பார்த்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆனால் சில விஷயங்களைத் தள்ளிப்போடவும் கூடாது. முன்பு செய்துகொண்டிருந்ததை, பேசிக்கொண்டிருந்ததைக் குழந்தை விட்டுவிட்டால் உடனே சொல்ல வேண்டும். மூன்று வயதாகியும் வெளியாட்களுக்குப் பேச்சு பெரும்பாலும் புரியவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, மற்ற குழந்தைகளைக் கவனிப்பதே இல்லை, பாவனை விளையாட்டு துளியும் இல்லை என்பவையும் அப்படித்தான். பேச்சுத் தாமதம் என்றால் முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

நோயின் பெயரைச் சொல்வது நம் வேலை இல்லை. நான் ஒரு தாயிடம் அப்படி ஒரு பெயரை உதிர்த்துவிட்டேன். அவர் மறுநாளிலிருந்து குழந்தையையே அனுப்பவில்லை, தேவைப்பட்ட பரிசோதனை பல மாதம் தள்ளிப்போனது. இப்போது நோட்டைத் திறந்து தேதியோடு வாசித்துக் காட்டுகிறேன்: "இந்த மூணு வாரத்துல நாலு தடவை பின்னாடி இருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பல. வீட்டுல எப்படி?" அந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் பேச்சு தொடங்கும். குழந்தை எதில் கெட்டி என்பதையும் அதே உட்காரலில் சொல்லிவிடுங்கள். அதற்கும் நோட்டில் ஆதாரம் இருக்க வேண்டும்.

"இன்னைக்கு என்ன படிச்சான்?" என்று வாசலில் கேட்பவர்களுக்கும் நோட்டுதான் பதில். "விளையாடினான்" என்றால் முகம் சுருங்கும். "உயரமான டம்ளர்ல இருந்த தண்ணி இந்தக் கிண்ணத்துல கொள்ளுமான்னு ஆறு தடவை ஊத்திப் பார்த்தான், அப்புறம் கொள்ளும்னு ஊத்துறதுக்கு முன்னாடியே சொன்னான்" என்று சொல்லிப் பாருங்கள். சிலர் வீட்டுக்குப் போய்த் தாங்களும் ஒரு வாளியை எடுத்துவைப்பார்கள்.

முதல் மாதம் முடிந்ததும் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, ஒவ்வொரு குழந்தையின் பெயரும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். அழுகிறவர்களும் அடிக்கிறவர்களும் பக்கம் பக்கமாக இருப்பார்கள். ஒன்றிரண்டு பெயர்கள் வந்தே இருக்காது. சொன்னதைச் செய்துவிட்டு, யாருக்கும் தொல்லை தராமல் ஓரமாக இருக்கும் குழந்தைகள் அவர்கள். மறுநாள் காலை முதல் ஐந்து நிமிடத்தை அவர்களில் ஒருவருக்குக் கொடுங்கள்.